இரண்டரைக் கிலோவின் சுமை

"ஏம்புள்ள, நீ போடற கணக்க நம்பியா ராக்கெட்டு உடுவாங்க?"

உடுமலைப்பேட்டையில் என் அம்மா தேங்காய் உடைக்கப் போகும் களத்தின் முதலாளி இப்படிக் கேட்டார். எனக்கு வேலை கிடைத்த வாரம் அது. அம்மா அவர் முன்னால் மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டார். கொப்பரை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள்தான் சிரித்தார்கள். நான் "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். நாங்கள் ராக்கெட் செய்வதில்லை, அதில் ஏறிப்போகும் சின்னச் செயற்கைக்கோள்களுக்குக் கூடு வடிவமைக்கிறோம் என்று விளக்கியிருக்கலாம். விளக்காமல் விட்டதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததில் அந்தத் திமிருக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். அம்மா பஸ்ஸை அதன் நிறத்தையும் கண்டக்டரின் குரலையும் வைத்து அடையாளம் கண்டு ஏறுவாள். அரசுப் பள்ளி, கோயம்புத்தூரில் கல்லூரி, அங்கேயே வேலை என்று நான் போன தூரத்தை அவர்களால் அளக்க முடியவில்லை. "எம்புள்ள போட்ட கணக்குல தப்பே வராது" என்று அம்மா களத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்கும்போது நான் தடுத்ததில்லை. எனக்கும் அது உண்மை என்றுதான் தோன்றியது.

என் வேலையை இப்படிச் சொல்லலாம். டவுன் பஸ் திடீரென்று பிரேக் அடித்தால் மடியில் இருக்கும் பை முன்னால் பாயப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தக் கை கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டும். ராக்கெட் கிளம்பும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் அப்படித்தான் இழுக்கும். ஆனால் தன் எடையைப் போல முப்பது மடங்கு, ஐம்பது மடங்கு இழுக்கும். அந்த மடங்கை நாங்கள் 'ஜி' என்போம். பெட்டியைப் பிடித்துக்கொள்ளும் கை என்பது அலுமினியத்தில் கடைந்த ஒரு பிராக்கெட். அது எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்று, செயற்கைக்கோள் வெறும் காகிதத்தில் இருக்கும்போதே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்பவள் நான்.

காகிதத்தில் இருக்கும்போது உண்மையான குலுக்கம் யாருக்கும் தெரியாது. அதனால் பழைய அனுபவங்களைக் கொண்டு வரைந்த ஒரு வளைகோட்டை வைத்துக்கொண்டு வேலை செய்வோம். பெட்டியின் எடையைக் கீழே தேடி, நேர் மேலே போய், வளைகோடு இருக்கும் இடத்தில் ஜியைப் படிக்க வேண்டும். எடையையும் ஜியையும் பெருக்கினால் சுமை. இதில் புதிதாக வருபவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. கனமான பெட்டிக்கு ஜி குறைவு, லேசான பெட்டிக்கு ஜி அதிகம். கனமானது மந்தமாக அசையும், லேசானது துள்ளும். ஆகவே எடை மாறினால் ஜியும் மாறும். எடை பாதியானால் சுமையும் பாதியாகிவிடாது. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்தச் செயற்கைக்கோளில் பேட்டரிப் பெட்டி ஆறு கிலோ என்றார்கள். வளைகோட்டில் முப்பத்தைந்து ஜி. இருநூற்றுப் பத்து கிலோ சுமை. என் எக்செல் தாளில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி இருந்தது. இன்னும் மாறக்கூடிய எண்களுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பேன். முடிந்துவிட்டது, இனித் தொட வேண்டியதில்லை என்று நான் முடிவு செய்தவற்றுக்குச் சாம்பல் நிறம். இது கம்பெனி விதி இல்லை, என் பழக்கம். ஒரு எண்ணைச் சாம்பலாக்குவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பேட்டரியின் எடை மஞ்சளில் இருந்தது. அதன் ஜியைச் சாம்பலாக்கிவிட்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்து வாடிக்கையாளர் பேட்டரியை மாற்றினார். புதுப் பெட்டி இரண்டரைக் கிலோதான். அந்த ஒரு மஞ்சள் கட்டத்தில் ஆறை அழித்து இரண்டரை என்று தட்டினேன். சுமை எண்பத்தேழரைக்கு இறங்கியது. டீம் லீடர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. அவர்கூட அன்றைக்குச் சிரித்தார். எடை குறைவதுதான் எங்கள் தொழிலில் நல்ல செய்தி. பாதுகாப்புக்காகக் கால் பங்கு கூட்டி, கிட்டத்தட்ட நூற்றுப் பத்து கிலோ தாங்கும்படி பிராக்கெட்டை மெலிதாக்கினோம். நான்கு மில்லிமீட்டர் தடிமன் இரண்டரை ஆனது. இரண்டரைக் கிலோவுக்கு வளைகோடு சொல்வது ஐம்பது ஜி. பெருக்கினால் நூற்று இருபத்தைந்து. நான் மறுபடி வளைகோட்டைத் திறக்கவே இல்லை.

பிராக்கெட்டைக் கடைந்து கொடுத்தவர் சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் கட்டளைப்படி கடையும் சி.என்.சி. மெஷின் இரண்டு. ஒன்றில் அவர், இன்னொன்றில் வேலைக்கு ஒருவர். அளந்து பார்த்து எழுதி வைப்பது அவருடைய மனைவி. முன்பு பம்புக்கான பாகங்கள் மட்டும் செய்தவர்கள். எங்கள் வேலைக்காக ஒரு வருடம் பாடுபட்டு, தணிக்கைக்கு மேல் தணிக்கை தாண்டி, அனுமதிப் பட்டியலில் ஏறியிருந்தார்கள். பட்டறை வாசலில் புதிதாக மாட்டிய பலகையில் ஒரு செயற்கைக்கோள் படம் வரைந்திருந்தது. சூரியத் தகடுகளைப் பறவையின் இறக்கை மாதிரி வளைத்து வரைந்துவிட்டிருந்தார் ஓவியர். அதைச் சொல்லி நான் சிரித்ததற்கு, "பறக்கறதுதானுங்களே" என்றார் அவர்.

அதிர்வுச் சோதனைக்கு நானும் போயிருந்தேன். பேட்டரிக்குப் பதிலாக அதே எடையுள்ள அலுமினியக் கட்டியைப் பிராக்கெட்டில் பூட்டி, அதிர்வு மேசையில் வைத்து, மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். உடையும்போது பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. திரையில் ஓடிய கோட்டின் உச்சி கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தது; எங்கோ விரிசல் விழுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மேசையை இயக்கியவர் நிறுத்துவதற்குள் கட்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. உள் மூலையில் பிராக்கெட் இரண்டாகப் பிரிந்திருந்தது. பிரிந்த இடம் சர்க்கரைத்தூள் மாதிரிப் பளபளத்தது.

மறுநாள் உடைந்த துண்டுகளை அளந்தார்கள். உள் மூலையின் வளைவு மூன்று மில்லி ஆரத்தில் இருக்க வேண்டும். உடைந்த மூலையில் இரண்டு புள்ளி ஆறு இருந்தது. கூர்மையான மூலையில் விரிசல் சீக்கிரம் விழும். கூட்டத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்ததை நான் பார்த்தேன். எனக்கும் வந்தது. தயாரிப்புக் குறை என்று அறிக்கை எழுதினார்கள். பட்டறையை அனுமதிப் பட்டியலிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்தப் புள்ளி நான்கு மில்லிதான் காரணம் என்பதைக் கணக்கில் காட்டி ஒரு பக்கம் சேர்த்துவிடு என்று லீடர் என்னிடம் சொன்னார்.

அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் உட்கார்ந்தேன். வளைவு சிறிதானதால் பலம் சில சதவீதம்தான் குறைந்திருந்தது. உடைவதற்கு அது போதாது. சோதனையில் பதிவான குலுக்கத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்று மில்லி சரியாக இருந்திருந்தாலும் பிராக்கெட் இன்னும் சில நொடிகள் தாங்கியிருக்கும், பிறகு உடைந்திருக்கும். சுமையே நான் சொன்னதைவிட அதிகம். எங்கே என்று தேடி என் தாளுக்குப் போனேன். பேட்டரி வரியில் சாம்பல் கட்டத்துக்குள் முப்பத்தைந்து உட்கார்ந்திருந்தது.

யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். பிறகு தாளை மூடினேன். லீடரிடம் அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை என்றேன். அறிக்கை அது இல்லாமலே போய்விட்டது. யாரும் திரும்பக் கேட்கவில்லை.

அந்த வாரம் பட்டறைக்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். லீடர் ஊரில் இல்லை. வரவேற்பறையில் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு சின்ன டப்பா, அதற்குள் அந்த மூலையைக் கடைந்த கட்டர். முனை கொஞ்சம் உடைந்திருந்தது என்றும், கடைசி இரண்டு பீஸுக்கு முன்னாலேயே மாற்றியிருக்க வேண்டும் என்றும், அன்றைக்கு அதைக் கடைந்தது தாமே என்றும் நான் கேட்காமலே சொன்னார். பட்டியலில் திரும்பச் சேர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கணக்குப் போடறவங்க நீங்கதானுங்க அம்மணி. அந்தப் புள்ளி நாலு மில்லிலதான் ஒடஞ்சுச்சுங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க, நான் போயிர்றேன்."

"ரிப்போர்ட்ல இருக்குதுங்களே" என்றேன்.

அவர் தலையாட்டினார். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை என்று லிஃப்டில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கையில் இருப்பது அறிக்கையில் இருக்கிறதுதானே.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் மட்டும் சொன்னேன். வளைகோடு, ஜி எதையும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, பழி வேறொருவர் மேல் விழுந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டாள்.

"யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் நீயா எதுக்குச் சொல்லோணும்? படிச்ச ஊட்டுல பொறந்தவங்க பத்துத் தடவ தப்புப் பண்ணலாங் கண்ணு. நம்மளுக்கு ஒண்ணே போதும். 'அன்னிக்கே சொன்னனே'ம்பாங்க." கரண்டியைத் திரும்ப எடுத்தபடி, "அந்தாளுக்குக் கையில தொழில் இருக்குது, பொழச்சுக்குவான்" என்றாள்.

அம்மா மீது எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஒரு வாரமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

புதுப் பிராக்கெட்டை வேறொரு பட்டறையில், அதே இரண்டரை மில்லி தடிமனில், மூலையை மட்டும் சரியாக வைத்துச் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும் என்னால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. அது மறுபடி மேசையில் உடையும். இல்லையென்றால் இந்த முறை தப்பித்து, மேலே போய் உடையும். லீடரின் அறைக்குப் போய்த் தாளைத் திறந்து காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். தன் கைப்பேசியில் ஐம்பதையும் இரண்டரையையும் பெருக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பிராக்கெட்ட நாலு மில்லி ஆக்கிப்போடலாம். முன்னெச்சரிக்கைன்னு எழுதிக்கலாம். ரிப்போர்ட்டத் தொட வேண்டாம் அம்மணி" என்றார். பிறகு, இந்த வாடிக்கையாளர் ஒருவரை நம்பித்தான் பதினான்கு பேர் இங்கே வேலை பார்க்கிறோம் என்று சொல்லி, ஒரு வரியில் தப்பு என்று தெரிந்தால் மற்ற வரிகளை யார் நம்புவார்கள் என்று கேட்டார். என் பெயரைக் காப்பாற்றத்தான் இதைச் சொல்வதாகவும் சொன்னார். அதுவும் உண்மைதான். மாற்றக் குறிப்பை அவரே தட்டச்சு செய்தார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பிராக்கெட் இனி உடையாது. அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது.

பட்டறையில் எங்கள் அலுமினியத் தகடுகள் மிச்சம் இருந்தன. பட்டியலில் இல்லாத இடத்தில் அவை இருக்கக் கூடாது என்பதால் எண்ணி எடுத்து வர என்னையே அனுப்பினார்கள். சிங்காநல்லூர் பஸ் நிலையத்திலிருந்து நடந்தேன். இரண்டாவது மெஷின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. அதில் வேலை பார்த்தவர் நின்றுவிட்டார் என்றார் மனைவி. எங்கள் கம்பெனி நிறுத்தி வைத்த செய்தி பரவியதும் பழைய பம்புக்காரர்களில் சிலரும் வேலை கொடுக்கத் தயங்குகிறார்களாம். கோயம்புத்தூரில் பட்டறைக்குப் பட்டறை செய்தி போக ஒரு டீ நேரம் போதும்.

அவர் முதல் மெஷினில் பம்பு மூடி கடைந்துகொண்டிருந்தார். ஒன்றை எடுத்தார், துடைத்தார், சட்டைப் பையிலிருந்து வளைவு அளக்கும் கேஜை எடுத்து மூலையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். திருப்பி இன்னொரு மூலையில் பார்த்தார். மறுபடி முதல் மூலையில் வைத்தார். பிறகு அதைத் தரையில் இருந்த குவியலில் ஒதுக்கி வைத்தார். என்னைப் பார்த்து, "வாங்க அம்மணி" என்றவர், தகடுகள் எங்கே இருக்கின்றன என்று கை காட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அவருடைய மனைவி தகடுகளை எண்ண எனக்கு உதவினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பம்பு மூடிக்கு எதுக்குங்க ரேடியஸ் கேஜு? அத்தனையும் நல்ல பீஸுங்க. ஒதுக்கி ஒதுக்கி வெக்கறாரு. எங் கைய நம்ப முடியலைங்கறாரு."

நான் பதினொன்று வரை எண்ணியிருந்தேன். விட்டுப்போய்த் திரும்ப முதலிலிருந்து எண்ணினேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தகடுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் குவியலைத் தாண்டி நடந்தபோது என் சுடிதார் ஓரம் ஒரு மூடியில் மாட்டியது. குனிந்து எடுத்துவிட்டு, அது நல்ல பீஸ் என்பதைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போனேன். முதலில் தாளில் இருந்த சாம்பல் நிறம் முழுவதையும் எடுத்தேன். வரி வரியாக, ஒவ்வொரு எடைக்கும் வளைகோட்டில் திரும்ப ஜியைப் படித்தேன். இருபத்திரண்டு வரிகளில் இன்னும் இரண்டில் அதே தப்பு இருந்தது. ஒன்று ஆன்டெனாவைத் தாங்கும் தண்டு. மற்றொன்று சின்ன உணரி ஒன்றின் பிராக்கெட். லீடரிடம் காட்டியபோது நான் பேட்டரி வரியை மட்டும்தான் பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மறைப்பதில் இருந்த கவனம் தேடுவதில் இல்லை.

மூன்றையும் எழுதினேன். பிராக்கெட் உடைந்ததற்குக் காரணம் சுமை மதிப்பீடு என்றும், மூலை வளைவின் குறை அதை உண்டாக்கவில்லை என்றும், மதிப்பிட்டது நான் என்றும் எழுதினேன். வாடிக்கையாளருக்கு, லீடருக்கு, தரப் பிரிவுக்கு, பட்டறைக்கு, நான்கு பேருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன். லீடர் வந்து படித்துவிட்டு என்னைக் கூப்பிடவில்லை. அன்று முழுவதும் யாரும் என் மேசைப் பக்கம் வரவில்லை. மாலையில் சுமைத் தாளைத் திறக்கும் அனுமதி எனக்கு இல்லாமல் போயிருந்தது.

மின்னஞ்சலைப் பட்டறைக்காரர் படித்துப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிட மனம் வரவில்லை. சிங்காநல்லூருக்குப் போனேன். மெஷினை நிறுத்தச் சொல்லி, ஒரு அட்டையில் வளைகோட்டை வரைந்து காட்டி, எங்கே படிக்காமல் விட்டேன் என்று சொன்னேன். "மூணு மில்லி கரெக்டா இருந்திருந்தாலும் ஒடஞ்சிருக்குமுங்க." அவர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இதத்தானுங்களே அன்னிக்கு வந்து கேட்டேன்" என்றார்.

அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அவர் சட்டைப் பையில் கேஜ் அப்படியே இருந்தது. நான் கிளம்பும்வரை அவர் மெஷினைத் திரும்ப ஓட்டவில்லை.

பட்டியலில் திரும்பச் சேர்க்க ஒரு கடிதம் போதாது. வாடிக்கையாளர் பெங்களூரில் ஒரு மறுஆய்வுக் கூட்டம் வைத்து, அறிக்கையை மாற்றிக் கையெழுத்திட வேண்டும். கூட்டத்துக்கு என்னை அனுப்புவதாக இல்லை என்றார்கள். லீடரே போய், பொதுவாக ஒரு திருத்தம் சொல்லிவிட்டு வருவாராம். பொதுவாகச் சொல்லும் திருத்தத்தில் தப்பு யார் பக்கம் என்பது மறுபடி கரைந்துபோகும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் பட்டறைக்காரர் வருடக்கணக்கில் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான். நான் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கூட்டம் நடத்துபவருக்கு நேரடியாக எழுதி, பேச அரை மணி நேரம் கேட்டேன். பதினைந்து நிமிடம் தருவதாகப் பதில் வந்தது.

காந்திபுரத்தில் பெங்களூர் போகும் பகல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, திருத்திய தாளின் பிரதிகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது லீடர் போன் செய்தார். நான் வர வேண்டாம், தாமே பார்த்துக்கொள்வதாக மறுபடி சொன்னார். என் நல்லதுக்குத்தான் சொல்கிறாராம். அவர் முடிக்கும்வரை கேட்டேன். கண்டக்டர் விசில் கொடுத்து, வண்டி நிலையத்தை விட்டு வெளியே திரும்பியது.

"பஸ் ஏறிட்டனுங்க சார்" என்றேன்.